ஈசூன் மொட்டை மாடியில் ஓர் ஓ-த்ரீ ஃபில்டர்

சித்திரை மாத வெள்ளிக்கிழமை, இரவு பத்து மணி. மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்துவிட்டு, அன்று தபாலில் வந்த ஓ-த்ரீ ஃபில்டரைப் பிரித்தேன். ஆக்சிஜன் வாயு வீசும் ஒரு பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டி அது. விலை 130 வெள்ளி. ஒன்றேகால் அங்குல வளையம், அதில் ஒரு கண்ணாடி. சாய்த்துப் பிடித்தால் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எந்த நிறுவனத்தின் பொருள் என்று நான் இங்கே எழுதவில்லை. என் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, அதை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட முடியாது.

நான் மின்தூக்கி பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். கோள் நெபுலாக்களைப் பார்ப்பதில் ஏழு வருடப் பழக்கம் உண்டு. பெயரில் கோள் இருந்தாலும் கோளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. சிறிய தொலைநோக்கியில் வட்டத் தட்டாகத் தெரிவதால் 1780களில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வைத்த பெயர் அது. உண்மையில் இவை, நம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் முதுமையில் உதறிய வாயு.

முதலில் ஹைட்ரா நட்சத்திர மண்டலத்துக் கோள் நெபுலா, என்ஜிசி 3242 (என்ஜிசி என்பது வான்பொருள் பட்டியல் ஒன்றின் பெயர்). 48 மடங்கு உருப்பெருக்கத்தில், ஃபில்டர் இல்லாமல், சாம்பல் வானத்தில் ஒரு மங்கலான பொட்டு. ஃபில்டரைத் திருகியதும் வானம் கறுத்தது, சுற்றியிருந்த நட்சத்திரங்கள் முக்கால்வாசி காணாமல் போயின, அந்தப் பொட்டு மட்டும் அப்படியே நின்றது. ஈசூனில் இருந்து இவ்வளவு கறுப்பான வானத்தை நான் பார்த்ததே இல்லை. 120 மடங்குக்குப் போனேன். உள்ளே நீள்வட்டமாக ஒரு பளிச்சென்ற வளையம், வெளியே மெல்லிய போர்வை.

தேசிய சேவையில் இருக்கும் மகன் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் குனிந்து பார்த்தான். “அப்பா, நடுவுல ஒரு நட்சத்திரம் இருக்கும்னு சொன்னீங்களே, எங்க?”

இல்லைதான். ஃபில்டரைக் கழற்றி, பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக் காத்திருந்தோம். காற்று அடங்கிய ஒரு நொடியில் ஊசிமுனை அளவுக்கு அது தெரிந்தது. திரும்ப ஃபில்டரைப் போட்டால் மறைந்தது. இந்தப் பொருளைப் பற்றி நான் சொல்ல வந்தது முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1864இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் என்ற கோள் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது வானவில் வரவில்லை, சில பிரகாசமான கோடுகள்தான் வந்தன. பச்சையில் இருந்த கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. ‘நெபுலியம்’ என்று புதுத் தனிமமாகவே எண்ணினார்கள். 1927இல்தான் இயற்பியலாளர் ஐரா போவன் விடையைச் சொன்னார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். வாயு அவ்வளவு அடர்த்தியற்று இருந்தால்தான் அந்தக் கோடு பளிச்சென்று வரும். 495.9, 500.7 நானோமீட்டரில் இருக்கும் அந்த இரட்டைக் கோட்டுக்காகவே செய்தது இந்த ஃபில்டர். 12 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒளியை விடுகிறது. நெபுலாவின் ஒளியில் பெரும்பங்கு அந்தச் சந்துக்குள் அடங்கிவிடும். நட்சத்திரமோ எல்லா நிறத்திலும் ஒளிர்வது, அதில் ஒரு துளிதான் உள்ளே வரும்.

அந்த நடு நட்சத்திரத்தின் கதையை நினைத்தால் எனக்கு மனசு நெகிழும். சூரியனைப் போல எட்டு மடங்கு வரை எடையுள்ள நட்சத்திரங்கள் கடைசியில் மேல்தோலை இழந்து, பெரும்பாலும் சூரியனில் அறுபது சதவீத எடையுள்ள கருவாக மிஞ்சுகின்றன. கரு சுருங்கச் சுருங்க மொத்தப் பிரகாசம் குறையாமலே மேற்பரப்பு சூடேறுகிறது. ஏறத்தாழ 30,000 டிகிரியைத் தொட்டதும் அது வீசும் புற ஊதா ஒளி சுற்றியுள்ள வாயுவை ஒளிர வைத்துவிடுகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டிப் போவதும் உண்டு. அப்புறம் எரிய ஹைட்ரஜன் மிஞ்சாமல், மங்கி, வெள்ளைக் குள்ளன் என்கிற சிறிய, அடர்ந்த நட்சத்திரமாக ஆறத் தொடங்கும். வாயுவும் காத்திருக்காது, சில பத்தாயிரம் வருடங்களில் கலைந்துவிடும். கரு கனமாக இருந்தால் ஓட்டம் வேகம். லேசான கரு நிதானமாகச் சூடேறுவதற்குள் வாயு கலைந்துபோனால், நெபுலா ஒளிராமலே போய்விடும்.

சூடு அதிகமாக ஆக, நட்சத்திரத்தின் ஒளி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவுக்குப் போகிறது. வாயு அதை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிறது. நட்சத்திரம் மங்கலாகவும் நெபுலா பளிச்சென்றும் இருந்தால், உள்ளே இருப்பது கொதிக்கிறது என்று பொருள். 1920களில் வானியலாளர் ஹெர்மன் சான்ஸ்ட்ரா இந்த ஒப்பீட்டிலிருந்தே நடு நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கணக்கிட வழி கண்டார். ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் பார்க்கும்போது அந்தக் கணக்கின் நிழலை நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

பதினொன்றரைக்குத் தெற்கே திரும்பினோம். நகரத்தின் வெளிச்சம் மொத்தமும் அந்தப் பக்கம்தான். தென்சிலுவைக்கு மேற்கே என்ஜிசி 3918, லண்டனில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாதது. ஃபில்டர் இல்லாமல் நீல உருண்டை, ஃபில்டரைப் போட்டால் பச்சையாக மாறி இன்னும் கூர்மை. நடு நட்சத்திரம் ஃபில்டரை எடுத்தாலும் தெரியவில்லை. வேலா மண்டலத்து என்ஜிசி 3132 நேர்மாறு. நடுவில் நன்றாகவே ஒரு நட்சத்திரம் தெரிகிறது, ஆனால் வாயுவை உதறியது அது இல்லை, பக்கத்தில் இருக்கும் மங்கலான துணை. 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்களில் இரண்டையும் சேர்த்தே பார்த்தோம்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கேலக்சி, நட்சத்திரக் கூட்டம் எதற்கும் இது உதவாது, எல்லாவற்றையும் இருட்டாக்கும். பழைய ஆரஞ்சு சோடியம் விளக்கின் ஒளியை முழுசாகவே நிறுத்திவிடும், இப்போதைய வெள்ளை எல்இடி கொஞ்சம் கசியும். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் கண்ணாடியில் எதிரொளி விழும், தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் டப்பா கட்டாயம்.

என் ஃபில்டரில் மரை சரியில்லை. 25 மில்லிமீட்டர் கண்ணருகு லென்ஸில் சுலபமாக ஏறுகிறது, 10 மில்லிமீட்டரில் பாதியில் சிக்குகிறது. அதனால் 120 மடங்கில் அதை விரல்களுக்கு நடுவில் பிடித்து, கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுக்கிறேன். நெபுலா, நட்சத்திரம், நெபுலா, நட்சத்திரம். மரை சரியாக இருந்தாலும் இனி இப்படித்தான் பார்ப்பேன்.

ஐந்துக்கு நாலரை தருகிறேன், குறைத்த அரை மதிப்பெண் அந்த மரைக்காக. ஆகஸ்டில் மகனுக்கு அடுத்த நீண்ட விடுப்பு. அதற்குள் விருச்சிகத்தில் என்ஜிசி 6302 நல்ல உயரத்துக்கு வந்திருக்கும். அதன் நடு நட்சத்திரம் இரண்டு லட்சம் டிகிரிக்கு மேல், 2009இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிதான் அதைத் தூசிக்குள் முதலில் கண்டுபிடித்தது. எங்களுக்கு வாயு மட்டும் தெரிந்தால் போதும்.