மருதாணியா, மஞ்சளா, கடுக்காயா: துணியில் எது நிற்கும்?

"இயற்கைச் சாயம் போடலாம்னு இருக்கேனுங்க, மஞ்சள் நம்ம ஊர்லயே கிடைக்குதே" என்று ஈரோட்டுப் பக்கம் யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: துணி என்னங்க, பருத்தியா, பட்டா? செடியைப் பார்க்கும் முன்னால் நூலைப் பார்க்க வேண்டும்.

மஞ்சளை முதலில் முடித்துவிடலாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமையலுக்கும் மருந்துக்கும் அதன் பெருமை பெருமைதான். நிறத்தை நூலில் பிடித்துவைக்கப் போடும் படிகாரம்கூட இல்லாமல் பருத்தியில் சட்டென்று ஏறும். ஏறிய வேகத்தில் வெயிலில் வெளுக்கவும் செய்யும். மாரியம்மன் நோம்பியில் மஞ்சள் நீர் பட்ட வேட்டியில் பார் சோப்பைத் தேய்த்தவர்களுக்குத் தெரியும்: சோப்பிலுள்ள காரம் பட்டதும் கறை குங்கும நிறமாகும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். தாலிக்கயிற்றுக்கு இது பரவாயில்லை, குளிக்கும்போது புது மஞ்சள் பூசிக்கொள்ளலாம். காசு வாங்கி விற்கும் சட்டைக்கு ஆகாது.

மருதாணி வேறு ரகம். இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கே இருக்கும் லாசோன் என்ற நிறமி, புரதத்தோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும். உள்ளங்கையும் தலைமுடியும் சிவப்பது அதனால்தான். பட்டும் கம்பளியும் புரத இழைகள். ஆகவே கோபிப் பக்கத்துப் பட்டுநூலுக்கோ சிறுமுகைச் சேலைக்கோ இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், யோசிக்காமல் மருதாணி என்பேன். பசை நீக்கிய பட்டைப் படிகார நீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். பட்டின் எடைக்குச் சமமாக இலைப்பொடி எடுத்து, வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். பொடி தங்கினால் நூலில் திட்டுத் திட்டாக விழும். அந்தச் சாற்றில் பட்டுநூலை ஒரு மணி நேரம் சூடாக்கினால் செம்பழுப்பு வரும். கொதிக்க விடாதீர்கள், பட்டின் பளபளப்பு போய்விடும். கடைசியில் அன்னபேதி என்ற இரும்பு உப்பை ஒரு சிட்டிகை போட்டால் நிறம் கண்ணெதிரே கறுத்து அடர் பழுப்புக்கு இறங்கும்.

இதே சாற்றில் பருத்தி நூல் சிட்டத்தைப் போட்டுப் பாருங்கள், டீ கொட்டிய மாதிரி ஒரு காக்கி நிறம்தான் மிஞ்சும். பருத்தியில் புரதம் கிடையாது, லாசோனுக்குப் பிடிமானமும் கிடையாது. அதைச் சரிக்கட்ட எல்லோரும் சொல்லும் வழி, முதலில் கடுக்காய்ச் சாறு, அடுத்து படிகாரம், அப்புறம் மருதாணி. வழி சரிதான். ஆனால் அங்கே பாடுபடுவது கடுக்காயின் துவர்ப்பு, பேர் வாங்குவது மருதாணி.

அதனால் பருத்திக்கு என் ஓட்டு கடுக்காய்க்குத்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், விதை நீக்கி இடித்தால் போதும். துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு பொடி தாராளம். படிகாரத்தோடு வெளிர் மஞ்சள், அன்னபேதியோடு சாம்பலிலிருந்து கறுப்பு வரை. அன்னபேதியை அளவாகப் போடுங்கள், கூடினால் பருத்தி நாளடைவில் நைந்துவிடும்.

மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போட்டால் நிறம் இன்னும் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் கழிவுநீரில் செம்பு போகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவோடு தேங்கிய நொய்யல் ஆற்றுத் தண்ணீரையும் பார்த்த ஊரில், இலைச்சாயம் என்ற பேரில் செம்பை ஊற்றுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஏற்றுமதி பனியன் ஆர்டருக்கு இந்த மூன்றும் தோதுப்படாது. ஒரு மூட்டை இலைக்கும் அடுத்த மூட்டைக்கும் நிறம் மாறும், பையர் கேட்கும் ஷேடு அப்படியே திரும்ப வராது. பவானி ஜமக்காளத்தின் பளீர்ச் சிவப்பையும் பச்சையையும் மருதாணியிடம் கேட்கவே வேண்டாம். சின்ன அளவில் பட்டுத் துப்பட்டா, சேலை என்று செய்பவர்களுக்குத்தான் இது கட்டும்.

பொடி வாங்கும்போது 'கறுப்பு மெஹந்தி' என்று போட்டதைத் தொடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கும், தோலைப் புண்ணாக்கும். தோட்டத்து வேலியில் மருதாணி இருந்தால் இலையை நிழலில் காயவைத்து, சருகானதும் அரைத்து, ஈரம் படாமல் கட்டி வையுங்கள்.