‘ஜப்பான் எஞ்சின்’ என்று சொல்லி 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள்: திருகோணமலையில் டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மாலையிலிருந்து என் தலைக்குள் இந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. எங்கள் குடும்ப ஜீப்புக்கு ஜப்பானில் இருந்து வந்த எஞ்சின் மாற்றியதாகச் சொல்லி, திருகோணமலையில் உள்ள ஒரு பெரிய கராஜ் என்னிடம் வாங்கிய தொகை அது. எஞ்சினை அவர்கள் மாற்றவே இல்லை. பழைய எஞ்சினையே கழுவி, வெள்ளிநிற வண்ணம் அடித்துத் திரும்பவும் பூட்டித் தந்திருக்கிறார்கள். முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அதனால் கராஜின் பெயரை இப்போது எழுதவில்லை. பெரிய விளம்பரப் பலகையும் குளிரூட்டிய அலுவலக அறையும் தேநீர் கொண்டுவந்து தர ஒரு பையனும் உள்ள இடம் என்பது மட்டும் போதும்.

ஏழு பேர் அமரக்கூடிய டீசல் வண்டி அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. திறந்து என்ன பயன்? வரியையும் சேர்த்து விலையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்கள் பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே இருக்கிற வண்டியைப் பேணி ஓட்டுகிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியின் கிளினிக், கந்தளாயில் உள்ள அம்மா வீடு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான். நாட்டில் பழைய வண்டிகள் பெருகப் பெருக யாருக்குக் கொண்டாட்டம் என்பது இப்போது நன்றாகப் புரிகிறது.

கோளாறு இதுதான். எஞ்சின் சூடான பிறகு, வேகத்தைக் குறைத்துச் சந்தியில் நிறுத்தப் போகும்போது அணைந்துவிடும். காலையில் ஒன்றும் இராது. அனுராதபுரச் சந்தியில் வெயில் நேரத்தில் நின்றுபோகும், பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பார். சற்று ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல ஓடும். சரி, பார்க்கலாம் என்றிருந்த நேரத்தில்தான் ஹபரணையிலிருந்து கந்தளாய்க்கு வரும் ஏ6 வீதியில் பொழுது சாயும் வேளையில், வளைவில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தவுடன் எஞ்சின் நின்றது. யானை கடக்கும் வீதி அது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். டீசல் வண்டியில் பிரேக்குக்குத் துணைவிசை கொடுப்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் வெற்றிட பம்ப். எஞ்சின் நின்றால் ஓரிரு தடவை மிதிக்கும் வரைக்கும்தான் அந்தத் துணை மிஞ்சியிருக்கும். அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இரண்டு கைகளாலும் இழுத்துத்தான் வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் வழமையான மெக்கானிக் உப்புவெளியில் சிறிய கொட்டகை வைத்திருக்கும் வயதானவர். அந்த நேரம் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இனி ஒரு நாளும் அப்படி ஓட முடியாது. அதனால் ஊரில் எல்லோரும் சொல்லும் அந்தப் பெரிய கராஜுக்குப் போனேன்.

அங்கே நடந்த நாடகத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இதையேதான் நடத்திக் காட்டுவார்கள். முதலாளி தானே எழுந்து வந்தார். "டீச்சர், நீங்கள் வெயிலில் நிற்க வேண்டாம்" என்று நாற்காலி போடச் சொன்னார். மடிக்கணினியை வண்டியில் பொருத்தினார்கள், திரையைப் பையன்கள் சூழ்ந்து நின்றார்கள். பிறகு ஒயில் அளவுகோலை உருவி, வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டு என் முன்னால் பிடித்தார். கன்னங்கரேலென்று இருந்தது. விரலில் தேய்த்துக் காட்டி, "பாருங்கள், உள்ளே எல்லாம் தேய்ந்து கரைந்து வருகிறது" என்றார். அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஒயில் மூடியைத் திறந்தார். மெல்லிய புகை வந்தது. தலையை ஆட்டி ஒரு பெருமூச்சு விட்டார். நோயாளியின் உறவினரிடம் பேசும் குரலில், "எங்கள் அம்மாவின் வண்டியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன் டீச்சர். இந்த எஞ்சின் முடிந்துவிட்டது. கோணேசர் அறிய, ஒரு ரூபாய் கூட எனக்கு இலாபம் வேண்டாம்" என்றார். அப்போதே கட்டாருக்கு வட்ஸ்அப்பில் அழைத்து, என் கணவரிடமும் அண்ணன் அண்ணன் என்று பத்து நிமிடம் பேசினார். பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. யானை வீதியில் நின்ற கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கதையை வைத்தே என்னை வாங்கிவிட்டார்.

இப்போது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டீசல் எஞ்சினில் ஒயில் மாற்றிக் கொஞ்சத் தூரம் ஓடினாலே கரி கலந்து கறுத்துவிடும். கறுப்பு நிறம் எதற்கும் சாட்சி இல்லை. மூடியைத் திறந்தால் சற்றுப் புகை வருவதும் ஓடித் தேய்ந்த டீசல் வண்டிகளில் சாதாரணம். எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்ததா என்று அறிய ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்பிரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும். அதை அவர்கள் செய்யவேயில்லை. மடிக்கணினியில் என்ன பிழைக்குறி வந்தது என்று கேட்டேன். "அது கம்பியூட்டர் பாஷை டீச்சர்" என்று சிரித்தார்கள்.

முற்பணமாக 3 இலட்சம் கொடுத்தேன். மிச்சம் 3 இலட்சத்து 85 ஆயிரம், வண்டியை எடுக்கும் நாளில். எஞ்சின் அறை பளபளவென்றிருந்தது, எல்லாம் வெள்ளி நிறம். "ஆறு மாதம் பொறுப்பு எங்களுடையது" என்று வாயால் சொன்னார்கள். பற்றுச்சீட்டில் ஒரே ஒரு வரி: எஞ்சின் வேலை, 685,000. எஞ்சின் இலக்கம் எழுதித் தாருங்கள் என்றதற்கு, காகிதங்கள் கொழும்பில் இருந்து வரவேண்டும், வந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்பு லொறியில் ஏற்றியாயிற்று, அதன் காசைப் பில்லில் கழித்துவிட்டோம் என்றார்கள். எந்த வரியில் கழித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

சில வாரங்கள் நன்றாக ஓடியது. பிறகு கிண்ணியாப் பாலத்தை நெருங்கும்போது, வேகத்தைக் குறைத்த அதே கணத்தில், அதே மாதிரி அணைந்தது.

அதன் பின் அந்த அலுவலக அறையில் நான் கேட்ட பதில்களை ஒரு புத்தகமாகவே போடலாம். "புது எஞ்சின் டீச்சர், இன்னும் பழகவில்லை." "நீங்கள் கிளட்ச் மிதிக்கும் முறை சரியில்லை." இத்தனை வருடமாகச் சரியாக இருந்த என் கால் இவர்கள் கையில் காசு ஏறியதும் பழுதாகிவிட்டதாம். "முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார்." முதலாளியின் கார் வாசலிலேயே நின்றது. "டீசல் சரியில்லை, எந்த நிலையத்தில் அடிக்கிறீர்கள்?" இதைக் கேட்டபோதுதான் எனக்கு உச்சியில் ஏறியது. சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு டீசலைக் குறை சொல்கிறார்கள்! அதே நிலையத்தில் டீசல் அடிக்கும் பக்கத்து வீட்டு வான் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, அது ஏன் நிற்கவில்லை? கடைசியில் மனேஜர் சொன்னது: "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், அவர்களுக்கு விளங்கப்படுத்தலாம்." காசை எண்ணி வாங்கும்போது ஆண்கள் தேவைப்படவில்லை.

உப்புவெளி ஐயா கண் கட்டு அவிழ்த்து வேலைக்குத் திரும்பியதும் வண்டியை அங்கே கொண்டுபோனேன். தன் சிறிய கையடக்கக் கருவியைப் பொருத்தினார். பி0087 என்ற குறி வந்தது. எரிபொருள் குழாயில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். வண்டியைச் சூடாகவிட்டு, வேண்டிய அழுத்தமும் இருக்கும் அழுத்தமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைத் திரையில் எனக்குக் காட்டினார். உயர் அழுத்த டீசல் பம்பின் மேல், உள்ளே எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் சிறிய வால்வ் ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் எஸ்சிவி என்பார்கள். அது தேய்ந்தால் சூட்டில் சிக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் டீசல் போதாமல் எஞ்சின் அணையும், ஆறினால் மறுபடி ஓடும். ஆரம்பத்திலிருந்தே எங்கள் வண்டி செய்தது அதேதான். உதிரிப்பாகமும் கூலியுமாக 42 ஆயிரம் ரூபாய். மாற்றினார், கந்தளாய் வரை போய் வந்தேன், ஒரு தடவை கூட நிற்கவில்லை. இடையில் சில வாரங்கள் ஓடியதற்கும் அவரிடம் பதில் இருந்தது. டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, கம்பியூட்டரின் நினைவை அழித்துவிட்டிருப்பார்கள், அது கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கும் என்றார்.

ஆனால் அவர் முகம் வேறு எதையோ யோசிப்பது தெரிந்தது. டோர்ச்சைப் பிடித்து ஆல்டர்னேட்டர் பக்கம் குனிந்தவர், "பிள்ளை, இந்த போல்ட் நான் போட்டது" என்றார். பல வருடங்களுக்கு முன் அந்த இடத்தில் புரி கழன்றுபோனதால் ஓட்டையைப் பெரிதாக்கி, வேறு அளவு போல்ட் ஒன்றை அவரே போட்டிருந்தார். தலையில் அவர் வைத்த வெட்டுக்குறி வெள்ளி வண்ணத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. துணியால் துடைத்து எஞ்சின் இலக்கத்தைப் படித்தார். நான் பதிவுப் புத்தகத்தை விரித்தேன். ஒவ்வொரு எண்ணும் பொருந்தியது. ஜப்பானில் இருந்து கப்பலேறி வந்த எஞ்சினுக்கு என் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம்!

நேற்று அதைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். இப்போது கொழும்புக்குப் போகாமல் இருந்தார். ஒரு நொடி கூடத் தயங்காமல் சொன்னார்: "உங்களுக்குத் திணைக்களத்தில் சிரமம் வரக்கூடாது என்று பழைய இலக்கத்தையே புது எஞ்சினில் குத்தித் தந்தோம் டீச்சர், அது எங்கள் சேவை." எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், இலக்கத்தைத் தானாகக் குத்துவது குற்றம் என்று தெரியாதவரா அவர்? சொன்னது உண்மையானால் என் வண்டியை வைத்து ஒரு குற்றம் செய்திருக்கிறார். பொய்யானால் 6 இலட்சத்து 85 ஆயிரத்துக்கு வண்ணம் அடித்திருக்கிறார். எது என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள் என்றேன். தேநீர் கொண்டுவரும் பையனைக் கூப்பிட்டு என்னை வாசல்வரை கொண்டுபோய்விடச் சொன்னார்.

கட்டார் வெயிலில் நின்று உழைத்த காசு அது. கணவர் தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கொதிக்கிறது.

யாராவது தப்பட்டும் என்று சில விடயங்களை வரிசையாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். வண்டி நின்று நின்று ஓடினால் எஞ்சினைக் கழற்ற விடாதீர்கள். பிழைக்குறியை எழுதி வாங்குங்கள், அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கம்பிரஷன் அளக்காமல் எஞ்சின் முடிந்தது என்று சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வண்டியை விடும் முன் எஞ்சின் இலக்கத்தைப் படம் எடுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் சுங்கக் காகிதம் கையில் கிடைக்கும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள், பழைய எஞ்சினை உங்கள் கண்ணால் பாருங்கள். ‘எஞ்சின் வேலை’ என்ற ஒற்றை வரிப் பற்றுச்சீட்டை ஏற்காதீர்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும், அவர்கள் இழுத்தடிப்பதே அந்தக் காலம் கடக்கட்டும் என்றுதான்.

எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. திங்கட்கிழமை முறைப்பாடு கொடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன், பற்றுச்சீட்டு, பதிவுப் புத்தகம், போல்ட்டின் படம், எஸ்சிவி மாற்றிய பில் எல்லாவற்றோடும். உப்புவெளி ஐயா சாட்சி சொல்ல வருகிறார். திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ இதே மாதிரி வெள்ளி வண்ணம் அடித்த ‘ஜப்பான் எஞ்சின்’ போட்டவர்கள் யாராவது இருந்தால், முதலில் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் இலக்கத்தைப் பாருங்கள். பொருந்தினால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.