ஊசி ஐந்து, ஆண்டு ஆறு: எங்கள் மின்தெளிப்பு சோர்ஸ் பற்றி

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்து எல்சி-எம்எஸ் கருவியில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து, மூலக்கூறுகளை அயனியாக்கி நிறை பார்க்கும் கருவி) தெளிப்பு ஊசியை மாற்றினோம். ஆறு ஆண்டுகளில் இது ஐந்தாவது ஊசி. அதே வாரத்தில், புதிய கருவி வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர் "உங்கள் சோர்ஸ் எப்படி உழைக்கிறது?" என்று கேட்டார். சோர்ஸ் என்பது திரவத்தை மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து அயனிகளாக்கும் பகுதி. விலைப்பட்டியலையும் விவரக்குறிப்பையும் அவர் கரைத்துக் குடித்திருப்பதால், அவற்றில் அச்சாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி, ஏற்றுமதிக்குச் செல்லும் இறாலில் குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராமாக இருந்த அளவுகோல் 2022 நவம்பர் இறுதியில் 0.15 ஆயிற்று. அதுவரை கருவியின் வரைபடத்தில் தாராளமாகத் தெரிந்த குளோராம்பெனிகால் சிகரம், அதன் பிறகு இரைச்சலுக்கு மேல் தலையை மட்டும் நீட்டியது. சோர்ஸின் குணங்களை உண்மையில் அப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம்.

குளோராம்பெனிகால் ஒரு புரோட்டானை இழந்து எதிர்மின் அயனியாக வரும் மூலக்கூறு. அந்த அயனி நிறை 321-இலிருந்து 152-க்கும் 257-க்கும் உடைவதைக் கண்காணிக்கிறோம். எதிர்மின் முறையில் ஒரு தொல்லை உண்டு. நீரின் பரப்பு இழுவிசை மெத்தனாலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், நீர் மிகுந்த கரைப்பானை ஊசிமுனையில் கூம்பாக இழுத்துத் தெளிக்க அதிக மின்னழுத்தம் வேண்டும். ஆனால் எதிர்மின் முறையில் மின்னழுத்தத்தைக் கூட்டினால், துளி பிரிவதற்கு முன்பே முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து மின்கசிவு தொடங்கிவிடும். சிக்னல் குறைகிறதே என்று வோல்ட்டை ஏற்றுவதும், ஏற்ற ஏற்ற அது மேலும் ஆட்டம் காண்பதும் எங்கள் முதல் ஆண்டின் கதை. மின்னழுத்தத்தைக் குறைத்து, சேர்மம் கரிமக் கரைப்பான் மிகுந்த கட்டத்தில் வெளியேறும்படி கிரேடியண்டை (கரைப்பான் விகிதம் மாறும் வரிசையை) மாற்றியமைத்த பின்னரே தெளிப்பு நிலைபெற்றது.

சிக்னல் எப்போது விழுந்தாலும் சர்வீஸ் பொறியாளரின் முதல் வாக்கியம் ஒன்றே: "மொபைல் ஃபேஸ மொதல்ல பாருங்க சார்." மொபைல் ஃபேஸ் என்பது மாதிரியைச் சுமந்து ஓடும் கரைப்பான். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருந்ததும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். ஒருமுறை வேறொரு பணிக்காக அதே குழாய்களில் டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் கலந்த கரைப்பானை ஓட்டியிருந்தோம். அந்த அமிலத்தின் எதிர்மின் அயனி நிறை 113-இல் நாள்கணக்கில் குந்திக்கொண்டு, மற்றவற்றுக்கு இடம் தராமல் எங்கள் சிகரத்தை அமுக்கியது. இன்னொருமுறை, புதிதாகச் சேர்ந்த உதவியாளர் கரைப்பான் பாட்டில்களைப் பொறுப்பாகச் சோப்புப்போட்டுக் கழுவிவைத்தார். நைட்ரோஃபியூரான் என்ற வேறு நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கான சோதனை நேர்மின் முறையில் நடப்பது. கழுவிய பாட்டில்களிலிருந்து வந்த சோடியம், புரோட்டான் ஏற வேண்டிய மூலக்கூறுகளில் தானே ஏறிக்கொண்டது. நிறை 22 அலகு தள்ளிப்போனது மட்டுமன்று, சோடியம் ஏறிய அயனி நாம் எதிர்பார்க்கும் துண்டுகளாக உடைவதும் இல்லை. அன்று முதல் எங்கள் பாட்டில்கள் சோப்பைக் கண்டதில்லை.

இறாலையும் விட்டுவைக்க முடியாது. எத்தில் அசிட்டேட்டில் பிரித்து, ஹெக்சேனால் கொழுப்பை நீக்கிய பிறகும் உப்பும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகையும் கொஞ்சம் கூடவே வந்துவிடும். துளியின் பரப்பும் அதிலுள்ள மின்சுமையும் வரம்புக்குட்பட்டவை. பரப்பை விரும்பும் பாஸ்போலிப்பிடு அங்கே முந்திக்கொண்டால் நமது சேர்மத்துக்கு மிஞ்சுவது சொற்பம். ஒப்பீட்டுக்காக நாமே சேர்க்கும் உள்தரம், அதாவது டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஐந்து ஏற்றிய குளோராம்பெனிகால், அதே நேரத்தில் வெளிவந்து அதே அளவு அமுக்கப்படுவதால் கணக்கு தப்புவதில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே இரைச்சலுக்குள் மூழ்கினால் எந்த உள்தரமும் கைகொடுக்காது. ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களை வால்வு வழியாகக் கழிவுக்குத் திருப்பிவிடுவது ஒன்றே எங்களுக்கு மிக அதிகமாகப் பலன் தந்த, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத மாற்றம்.

இவை எவற்றுக்கும் கருவி பொறுப்பன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பொறுமையைச் சோதிப்பது ஊசி ஒன்றுதான். ஊசியைச் சுற்றி நைட்ரஜனைப் பாய்ச்சும் நெபுலைசர் குழாயிலிருந்து அது எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதற்குக் கருவியில் ஓர் அளவுக்கோடுகூட இல்லை. கையேடு "முனை சற்றே வெளியே தெரிய வேண்டும்" என்கிறது. சற்றே என்றால் யாருடைய கண்ணுக்கு? மூன்றாவது ஊசியை மாற்றியபோது சிக்னல் பாதியாக விழுந்தது. வழக்கமான வாக்கியம் தொலைபேசியில் வந்தது. புது அசிட்டோநைட்ரைல், புது அமோனியம் அசிட்டேட், புது காலம் (சேர்மங்களைப் பிரிக்கும் குழாய்) என்று நான்கு நாள்கள் போயின. ஐந்தாம் நாள் சோர்ஸைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தேன். ஊசிமுனை குழாயின் விளிம்போடு ஒட்டி நின்றது. நைட்ரஜன் பாயும் விளிம்பு முழுவதும் ஈரமாகிப் பெருந்துளிகள் சிதறிக்கொண்டிருந்தன. பெருந்துளி நீராவியாகிச் சுருங்கி, மின்சுமை தாங்காமல் பிளக்கும் எல்லையை அடைவதற்குள் கருவியின் வாயிலில் உள்ள கூம்புத் துளையைக் கடந்துவிடும். அதிலிருந்து அயனி கிடைக்காது. திருகை அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். சிகரம் பழைய உயரத்துக்கு வந்தது.

எல்லை மீறிய மின்சுமையால் துளி பிளக்கும் என்பதை ராலே 1882-இலேயே கணக்கிட்டுவிட்டார். ஊசிமுனைக் கூம்பின் வடிவத்தை ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் விளக்கினார். இந்தத் தெளிப்பைப் பெரிய மூலக்கூறுகளுக்கும் பயன்படும் முறையாக வளர்த்ததற்காக ஜான் ஃபென் 2002-இல் நோபல் பரிசில் பங்குபெற்றார். இத்தனை பேர் உழைத்த முனையின் நிலையைக் குறிக்க ஒரு கோடு பொறிக்கத் தயாரிப்பாளருக்கு மனம் வரவில்லை.

நல்லவற்றையும் சொல்லியாக வேண்டும். வெற்றிடத்தைக் கெடுக்காமலே வாயில் கூம்பைக் கழற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்த்த மெத்தனால்-நீரில் மீயொலித் தொட்டியில் இட்டுத் துடைத்து, அரைமணி நேரத்தில் மீண்டும் ஓட்டிவிடலாம். இன்னொன்றை நான் எதிர்பார்க்கவேயில்லை. பழைய 4.6 மில்லிமீட்டர் காலத்தின் ஓட்டத்தைப் பிரித்து, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே அனுப்பிய நாளில், சிக்னலும் ஐந்தில் ஒன்றாகும் என்று அஞ்சினேன். ஏறக்குறைய அப்படியே நின்றது. மின்தெளிப்பு பெரும்பாலும் செறிவைப் பார்க்கிறதே ஒழிய, உள்ளே வரும் மொத்த அளவைப் பார்ப்பதில்லை என்று படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஆறு ஆண்டுகளில் மின்னழுத்தப் பகுதியோ சூடேற்றியோ ஒருமுறைகூடப் பழுதாகவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், நண்பரிடம் "வாங்காதீர்கள்" என்றே சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது ஊசியை நிலைக்குக் கொண்டுவர ஒரு முழுநாள் ஆயிற்று. அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை. ஊசி நீண்டிருக்கும் அளவை உருப்பெருக்கியில் பார்த்துப் பதிவேட்டில் படமாகவே வரைந்துவைத்துவிட்டேன். அதே மாலையில் பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்னும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக் கையெழுத்திட்டதை நண்பரிடம் சொல்லவில்லை.