பழைய பிக்அப் 'டக்'குனு மட்டும் சொல்லுதா? உடனே பேட்டரியை மாற்ற விடாதீர்கள்

உங்களிடம் பழைய டீசல் பிக்அப் இருந்து, சாவியைத் திருப்பினால் ஒரு நாள் ஒழுங்காக செல்ஃப் எடுக்கிறது, இன்னொரு நாள் ஒற்றை 'டக்' சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால், பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயர் வேண்டாம். இந்த வித்தை தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை.

என் வண்டியின் தகராறு இதுதான். காலையில் குளிர்ந்திருக்கும்போது பிரச்சினையே இல்லை. லோடு இறக்கிவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மறுபடி சாவி போட்டால் 'டக்'. டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரியும். ஹெட்லைட்டும் மங்காது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் எடுத்தாலும் எடுக்கும். இதையெல்லாம் பட்டறையில் விவரமாகச் சொன்னேன். முதலாளி பாதி கேட்கும்போதே, "பேட்டரி போச்சு சார்" என்றார். மீட்டர் எதுவும் வைக்கவில்லை. வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டார்கள், உடனே ஸ்டார்ட் ஆனது. "பார்த்தீங்களா? பேட்டரியேதான்."

இந்த ஜம்ப் கேபிள் விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

புதுப் பேட்டரி போட்டார்கள். பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார்கள். வண்டி சில நாள் அருமையாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அடுத்து "செல்ஃப் மோட்டார்ல கார்பன் தேஞ்சிருக்கு, மோட்டாரையே மாத்திடுங்க" என்றார்கள். மாற்றினார்கள். மறுபடி சில நாள் சுகம், மறுபடி 'டக்'. அப்புறம் இக்னிஷன் சுவிட்ச். நடுவில் ஆக்சிலேட்டர் கேபிள் இறுகிப்போய் மிதிக்கவே கஷ்டமாக இருந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி இழையோடு ஒட்டியிருந்தது. "பழைய வண்டி சார், இதெல்லாம் போகும்" என்று சொல்லி அதற்குத் தனி பில் போட்டார்கள். ஆக்சிலேட்டர் கேபிள் எதற்காக உருக வேண்டும் என்று அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

கடைசியில் "முழு ஒயரிங்கையும் மாத்தணும், வண்டியை ஒரு வாரம் விடுங்க" என்றார்கள். அதோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். நான் போன நேரம் வண்டி நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆனது. அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "நல்லா இருக்கறப்ப நான் என்னத்தப் பார்க்கறது? தகராறு பண்ணும்போது கூப்பிடுங்க. அதுவரைக்கும் பேட்டரி பக்கம் கையே வைக்காதீங்க, எதையும் ஆட்டாதீங்க" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்காமல் ஒருவர் சொன்ன இந்த வார்த்தை முன்பே தெரியாமல் போனதால்தான் நான் அத்தனை பில் கட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை 'டக்' வந்தபோது சாவியை உருவிவிட்டுப் போன் செய்தேன். மல்டிமீட்டரோடு வந்தார். முதலில் பேட்டரியில் வைத்தார்: 12.5 வோல்ட். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 காட்டும், ஆக இதில் குறையில்லை. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைத்தார். கிளாம்ப் மேல் அல்ல, ஈயக் கம்பத்தின் தலையிலேயே. மறுமுனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். என்னைச் சாவி திருப்பச் சொன்னார். 'டக்'. மீட்டரில் 4 வோல்ட்டுக்கு மேல் வந்து விழுந்தது.

அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தடித்த எர்த் கேபிள். செல்ஃப் இழுக்கும் நேரத்தில் அதில் அரை வோல்ட்டுக்கு மேல் விழவே கூடாது, நல்ல இணைப்பென்றால் 0.2 அளவில் நிற்கும். இங்கே பேட்டரியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டால் புரியும். டீசல் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேலேயே கேட்கும். இணைப்பில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 ஓம் தடை சேர்ந்தாலும் 200 ஆம்பியரில் 4 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரில் ஓம் வைத்து இதைப் பிடிக்க முடியாது. கன்டினியூட்டி பீப் சோதனையும் (ஒயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பது) உதவாது, அது அனுப்புவது துளி மின்சாரம். கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் 'பீப்' என்று கத்தி எல்லாம் சரி என்று சொல்லிவிடும். செல்ஃப் இழுக்கும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி.

கேபிளைக் கழற்றி, பேட்டரிப் பக்கம் லக்கை (கேபிளின் நுனியில் இருக்கும் உலோக முனை) ஒட்டிய ரப்பர் உறையைக் கத்தியால் கீறிக் காட்டினார். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, லக்கோடு நசுக்கிச் சேர்த்த இடத்தில் பொடியாக உதிர்ந்தன.

இப்போது பட்டறை செய்தது ஒவ்வொன்றும் விளங்கும். பேட்டரி மாற்றும்போது அந்த நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி ஆட்டி மாட்டினார்கள். செல்ஃப் மோட்டார் மாற்றவும் அதே கிளாம்ப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும், இக்னிஷன் சுவிட்சுக்கும் அதே. ஒவ்வொரு முறையும் அந்த அழுகிய இழைகள் கொஞ்சம் நகர்ந்து, புதிதாக ஒட்டி, சில நாள் வேலை செய்தன. தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதை.

ஜம்ப் கேபிளுக்கு வருவோம். அன்று கறுப்புக் கிளிப்பை முறைப்படி இன்ஜின் பிளாக்கில்தான் மாட்டினார்கள். அப்படி மாட்டினால் பழுதான எர்த் கேபிளைத் தாண்டி மின்சாரம் நேராக இன்ஜினுக்குப் போய்விடும். ஆகவே ஸ்டார்ட் ஆனது. அது பேட்டரிக்கு எதிரான சாட்சியே இல்லை. இதை நீங்களே சோதிக்கலாம், வேறு வண்டி தேவையில்லை: 'டக்' வரும் நேரத்தில் ஒரு ஜம்ப் கேபிளின் ஒரு முனையை உங்கள் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் மாட்டிவிட்டுச் சாவி போடுங்கள். எடுத்துவிட்டால் எர்த்தைப் பாருங்கள். (பாசிட்டிவ் பக்கம் இந்த விளையாட்டு வேண்டாம். ஸ்பேனர் ஒன்று பாடியில் பட்டாலே போதும், தீப்பொறி பறக்கும்.)

ஆக்சிலேட்டர் கேபிள் உருகியதும் இதனால்தான். தடித்த வழி அடைபட்டதும், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் சின்ன எர்த் ஒயர் வழியாகவும், பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இரும்புக் கேபிள் வழியாகவும் செல்ஃப் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. அதற்கென்று செய்யாத கேபிள், சூடாகி உருகிவிட்டது. ஹெட்லைட் மங்காததும் அதே தடயம்தான், அதன் எர்த் பாடியோடு போகிறது. பேட்டரி நிஜமாகவே செத்திருந்தால் சாவி போட்டதும் விளக்குகள் சுருண்டிருக்கும்.

உங்கள் வண்டியில் 'டக்' சத்தமே வரவில்லை என்றால் விஷயம் வேறு. சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வரும் சிறிய ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துச் சாவி போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் ரிலே, கிளட்ச் சுவிட்ச், இக்னிஷன் சுவிட்ச், நடுவிலிருக்கும் ஃபியூஸ் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

இதுவரை சொன்னது தெரியாத்தனம். இனி சொல்வது வேறு ரகம். எர்த் மாற்றும்போது பெரியவர் "இந்த மோட்டார் புதுசுன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் ஸ்டிக்கரின் பாதி வரை ஏறியிருந்தது, நட்டின் மரைக்குள்ளும் பெயின்ட். பின்மூடியில் இரண்டு ஸ்க்ரூ, அதில் ஒன்று மட்டும் அறுகோணத் தலை. சில வருடங்களுக்கு முன் என் பழைய மோட்டாருக்கு கார்பன் மாற்றியபோது ஒரு ஸ்க்ரூ தொலைந்து, கைக்குக் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருந்தோம். அதே ஸ்க்ரூ. என் மோட்டாரையே கழுவி, பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள்.

பில்லோடு போய் நின்றேன். "புதுசுன்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்றார் முதலாளி. பார்த்தால் 'செல்ஃப் மோட்டார் – 1' என்று மட்டும்தான் இருக்கிறது. புதியதா, ரீகண்டிஷனா, என்ன கம்பெனி, பார்ட் நம்பர் என்ன, ஒன்றும் இல்லை. ஸ்க்ரூவைக் காட்டியதும் குரல் இறங்கி, மோட்டார் பணத்தில் பாதியைத் தந்தார். பழைய பேட்டரி எங்கே என்றால் அது போய்விட்டதாம். இக்னிஷன் சுவிட்சுக்கும் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் "போட்ட சாமான் வண்டியிலதானே இருக்கு" என்று கையை விரித்துவிட்டார். மீதிப் பாதிக்காக எழுத்தில் புகார் கொடுக்க, பில்லையும் அந்த ஸ்க்ரூவின் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.