சுசீந்திரம் ரத வீதியில் இரவுப் படம்: 35 மி.மீ.யா, 50 மி.மீ.யா?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு, மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு விநாயகரும் வேளிமலை முருகனும் தாய் தகப்பனைப் பார்க்க வந்து சேரும்போது ரத வீதியில் காலை எடுத்து வைக்க இடம் இருக்காது. நிகான் டிஎக்ஸ் (சிறிய சென்சார்) பாடியில் 35 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸை மாட்டுவதா, 50 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸை மாட்டுவதா என்பதை முடிவு செய்வது அந்தக் கூட்டம்தான். நான் 35 பக்கம்.

வெளிச்சம் வாங்குவதில் இரண்டும் ஒன்று. எடையும் ஏறக்குறைய சமம். அதோடு விட்டுவிடலாம்.

விஷயம் பின்னால் நகர எவ்வளவு இடம் வேண்டும் என்பதில் இருக்கிறது. சுமப்பவர்களின் பாதம் முதல் குடையின் உச்சி வரை 4 மீட்டர் என்று வையுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 35-க்கு 6 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 50-க்கு எட்டரை மீட்டர் வேண்டும். கூடுதலான அந்த இரண்டரை மீட்டரில் நாலைந்து வரிசை ஆட்கள் நிற்பார்கள், தலைக்கு மேல் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி. முன்வரிசையில் இடம் கிடைத்தாலும் 50-ல் குடை வெட்டுப்படும், அல்லது தீவட்டி வெளியே போய்விடும். குடையும் தீவட்டியும் இல்லாமல் எழுந்தருளல் எங்கே?

ஃபோகஸ் ஆழமும் 35-க்குத்தான் சாதகம். 3 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் 50-ல் சுமார் 26 செ.மீ., 35-ல் சுமார் 53 செ.மீ. தெளிவாக விழும். வாகனம் தோளில் ஆடி ஆடி வருகிறது, 26 செ.மீ.க்குள் சாமி முகம் நிற்பது அதிர்ஷ்டம். நடு ஃபோகஸ் புள்ளியைப் பூமாலையில் வைக்காமல், விளக்கு பட்டு மின்னும் பிரபையின் விளிம்பில் வையுங்கள்.

ஷட்டர் 1/100-ல் நிற்கட்டும். மெயின் கரண்டில் எரியும் எல்இடி, டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதைவிட வேகம் கூட்டினால் படத்தில் இருண்ட பட்டை விழலாம். நடக்கும்போது 1/100-ல் கால்கள் கலங்கும், ஆகவே தீபாராதனைக்கு வாகனம் நிற்கும் நேரத்தில் அமுக்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600-ல் தொடங்கி 3200 வரை. தங்க அங்கி வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் குறையுங்கள். தீவட்டி மஞ்சளும் எல்இடி வெள்ளையும் கலந்திருப்பதால் பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா (RAW) கோப்பாக எடுப்பது நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், தீவட்டியின் நிறம் செத்துவிடும்.

50-க்கும் வேலை உண்டு. நாதஸ்வரக்காரர் முகம், விளக்கொளியில் ஒரு பாட்டியின் கூப்பிய கை, இவற்றுக்கு அதுவே அழகு. சித்திரைத் தெப்பத்துக்கு 50-கூடப் போதாமல் போகலாம். படித்துறையிலிருந்து 85 தேவைப்படும் என்று தோன்றுகிறது. முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடி என்றால் மேலே சொன்ன கணக்கு மாறி, 50-ஏ கிட்டத்தட்ட இந்த 35 போல நடந்துகொள்ளும்.

மண்டைக்காடு, கன்னியாகுமரி போன்ற கடலோரக் கோயில்களில் எந்த லென்ஸ் ஆனாலும் உப்புக்காற்று முன்கண்ணாடியில் படலமாகப் படியும். சீரியல் லைட்டைச் சுற்றி வட்டப் புகை தெரியும். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுபந்தால் மணலைத் தட்டி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். யுவி ஃபில்டரை இரவில் கழற்றிவிட்டு ஹூடை மட்டும் மாட்டுங்கள். தீபத்தின் பொய்ப் பிம்பம் குறையும்.