எஸ்.டி.கே.11 பிறழ்வு: ஒற்றை இம்யூனோதெரபியா, இரட்டையா?

அண்ணனின் நுரையீரல் புற்றுக்கட்டியில் கே-ராஸ் என்ற மரபணுவின் பிறழ்வோடு எஸ்.டி.கே.11 என்ற மரபணுவின் பிறழ்வும் இருப்பதாக மரபணு அறிக்கை வந்தது. மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் என்ற ஒரே இம்யூனோதெரபி மருந்து (உடலின் நோயெதிர்ப்பைப் புற்றுக்கு எதிராகத் தூண்டுவது). மற்றொன்று, கீமோவுடன் துர்வலுமாப், ட்ரெமெலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகள். நாங்கள் இரண்டாவதற்குப் போனோம். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வழியின் சாதகங்கள் தெரிந்தவையே: நீண்ட நாள் புழக்கம், ஒப்பீட்டளவில் குறைந்த பக்கவிளைவு. எஸ்.டி.கே.11 மட்டும் குறுக்கே வராவிட்டால் அதையே எடுத்திருப்போம்.

முடிவை மாற்றியது அந்த ஒரு மரபணுதான். கே-ராஸ் பிறழ்வுள்ளவர்களுக்கு, டி செல்களைக் கட்டிப்போடும் பி.டி.-1 புரதத்தைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து எப்படிப் பலித்தது என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. கூடவே டி.பி.53 மரபணுவும் பழுதானவர்களில் 35.7 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது, எஸ்.டி.கே.11 பழுதானவர்களில் வெறும் 7.4 சதவீதம். இத்தகைய கட்டிக்குள் புற்றைக் கொல்லும் சி.டி.8 டி செல்கள் அரிது. நோயெதிர்ப்பை அடக்கும் மைலாய்டு செல்களே (ஒருவகை வெள்ளணுக்கள்) மண்டிக் கிடக்கும். பி.டி.-1 மருந்து வீரர்களின் கைக்கட்டை அவிழ்க்கும், சரி. கோட்டைக்குள் வீரர்களே இல்லையென்றால்?

ட்ரெமெலிமுமாப், டி செல்களுக்குக் கடிவாளமிடும் சி.டி.எல்.ஏ.-4 என்ற மற்றொரு புரதத்தைத் தடுக்கிறது. 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, எலிகளில் இந்தத் தடுப்பு சி.டி.4 டி செல்களை எழுப்பி, மைலாய்டு செல்களையே புற்றைத் தாக்கும் மேக்ரோஃபேஜ்களாக (விழுங்கும் செல்களாக) திருப்பியது. கீமோவுடன் இந்த இரட்டை மருந்தைத் தந்து பார்த்த 'பொசைடன்' மருத்துவச் சோதனையில் எஸ்.டி.கே.11 அல்லது கீப்-1 மரபணு பிறழ்ந்த நோயாளிகளிடமும் இரட்டை மருந்தே மேலாகத் தெரிந்தது. ஆனால் அது பின்னோக்கிப் பார்த்த சிறு பிரிவுக் கணக்கு. தவிர, அங்கே எதிரில் நின்றது கீமோ மட்டுமே, பெம்ப்ரோலிசுமாப் அல்ல. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட சான்றாக அதைக் காட்ட முடியாது.

விலை பக்கவிளைவில் கொடுக்க வேண்டும். குடல் அழற்சி, தைராய்டு, கல்லீரல், அட்ரினல் என்று எதுவும் சீண்டப்படலாம். கழிவறைக்குப் போன எண்ணிக்கையை அண்ணி தினமும் நோட்டில் குறித்துவருகிறார். வயிற்றுப்போக்கு கூடினால் கைமருந்து எடுக்காமல் உடனே கூப்பிட வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பு. தாமதித்தால் அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டை எடுக்கும் நாட்கள் நீளும். ட்ரெமெலிமுமாப் அதிகபட்சம் ஐந்து தவணையோடு நின்றுவிடுவது ஓர் ஆறுதல், ஆனாலும் அதன் விளைவுகள் பிறகும் தலைகாட்டலாம்.

ஏற்கெனவே தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கோ, உடல் மிகத் தளர்ந்தவருக்கோ இரண்டாவது வழியை நான் இவ்வளவு துணிந்து சொல்லமாட்டேன்.