சோபா வரை இறங்கும் பேஸ் எந்தப் படத்தில்?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளக் குழுவை ஒட்டி நடந்தவர்களுக்கு ஓர் அதிர்வு தெரியும். ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். 2020 கடைசியோடு ஓய்வுபெற்ற பழைய பினாங்கு ஃபெரியில், காரை விட்டு இறங்காமலேயே கடலைக் கடந்தவர்களுக்கு இன்னோர் அதிர்வும் தெரியும். அது காதுக்கு வருவதற்கு முன்பே இருக்கைக்கு அடியிலிருந்து ஏறி முதுகில் வந்து நிற்கும்.

இரண்டையும் நாம் பேஸ் (bass), அதாவது அடித்தளத்து ஒலி என்றுதான் சொல்கிறோம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு "செம பேஸ்" என்று நண்பர்கள் சொல்லும்போது பெரும்பாலும் முதல் வகையைத்தான் சொல்கிறார்கள். ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது, அறுபது அதிர்வு பக்கம் அடிக்கும் அடி அது. நான் அதைத் தாளம் என்கிறேன். முப்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடப்பதற்கு நான் வைத்திருக்கும் பெயர் எடை. திரையில் ஒரு பெரிய பொருள் நகர்கிறது, அதன் கனம் எவ்வளவு என்று உடம்புக்குச் சொல்வது அந்தப் பகுதிதான். மதிப்பெண் போடும்போது இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

என் அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேஸில் பாதி அறையின் வேலை. பட்டர்வொர்த்தில் ஒரு டபுள் ஸ்டோரி டெரஸ் வீடு. ஹாலின் அகலம் 20 அடி, அதாவது ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த அகலத்தில் ஒலி இரண்டு சுவர்களுக்கிடையே முட்டி மோதி, 28 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே வீங்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் ஊதிப் பெருத்திருக்கும். நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போய்விடும். சோபாவை ஓரடி நகர்த்தினாலே படம் மாறியது போல இருக்கும். இதைச் சரிசெய்யப் பழைய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரை, அதாவது பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி சோபாவின் மேல், நாம் உட்காரும் இடத்தில் வைத்து ஓட விட வேண்டும். பிறகு தரையில் தவழ்ந்துபோய், எந்த மூலையில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் அப்படித்தான் இடம் பிடித்தேன். அப்புறம் ஒரு அளவு மைக்கும் அறையின் ஒலியை அளக்க இலவசமாகக் கிடைக்கும் ஆர்.இ.டபிள்யூ. (REW) மென்பொருளும் வைத்துச் சரிபார்த்தேன்.

இப்போது இருப்பவை மூடிய பெட்டியில் 12 அங்குல சப் இரண்டு. அதற்கு முன் இருந்தது காற்றுத்துளை வைத்த ஒரே சப். துளை வைத்த பெட்டி, அந்தத் துளையை எந்த அதிர்வெண்ணுக்கு இசைத்திருக்கிறார்களோ அதுவரைக்கும் நன்றாக உழைக்கும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், சத்தம் 24 டெசிபெல் வீதம் சரிந்துவிடும். மூடிய பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபெல்தான் சரியும். அதோடு, துளைப் பெட்டியில் அந்த எல்லைக்குக் கீழே ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பைத் தாங்கிப் பிடிக்கக் காற்றழுத்தம் இருக்காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ராத்திரி அந்தப் பழைய சப்பில் "டக், டக்" என்று கட்டை மோதுகிற மாதிரி சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூம்பு வெளியே துருத்தி உள்ளே போய் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது ஓடிய படம் எட்ஜ் ஆஃப் டுமாரோ.

2014இல் வந்த அந்தப் படத்திலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்கலாம். கதை ஆரம்பிப்பதற்கு முன்பே, தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் திரையில் இருக்கும்போது, ஒரு சுரம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. 20 ஹெர்ட்ஸையும் தாண்டி இறங்குகிறது. மனிதக் காதின் எல்லை அதுதான் என்பார்கள். அந்த இடத்தில் ஒரு சத்தம் காதில் விழ வேண்டுமென்றாலே 78 டெசிபெல் வேண்டும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு இரண்டு மூன்று டெசிபெல் போதும். ஸ்பீக்கருக்கும் பாடு அதிகம். 40 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, அதே அளவு சத்தத்தை 20 ஹெர்ட்ஸில் தர நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும்.

இப்போதைய சப்பில் அந்த இடம் எப்படி இருக்கிறது? சத்தமே இல்லை. எங்கள் ஹாலில் பட்டை பட்டையாகத் திறக்கும் கண்ணாடி சன்னல், இங்கே நாக்கோ என்போமே, அது முதலில் பேசும். அலுமினியப் பிடிக்குள் கண்ணாடிப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுங்கி, கடைசிப் பட்டை மட்டும் ஓயாமல் கிணுகிணுக்கும். பிறகுதான் வயிற்றில் ஓர் அழுத்தம், லிஃப்ட் சட்டென்று இறங்குவது போல. அந்தக் கிணுகிணுப்பை நிறுத்த ஒவ்வொரு பிடியிலும் மெல்லிய ரப்பர் நறுக்கி வைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது. ஆழத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆழம் திரையில் எந்தப் பொருளோடும் சேரவில்லை. சின்னம் மட்டும் தெரிகிறது. சப்பைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. படமாகக் கேட்டால் என் கணக்கில் பத்துக்கு எட்டு.

இதற்கு நேர் போட்டி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ், 2005. நியூ ஜெர்சி நாற்சந்தி ஒன்றில் தரையைப் பிளந்துகொண்டு அந்த முக்காலி இயந்திரம் எழும் காட்சி. முதலில் ஒரே இடத்தில் மின்னல் திரும்பத் திரும்ப விழுகிறது. அது பேஸின் முதல் சுற்று, கூர்மையாக, சவுக்கடி மாதிரி. அப்புறம் ஊர் அமைதியாகிறது. மக்கள் குழியைச் சுற்றிக் கூடுகிறார்கள். தார் ரோட்டுக்கு அடியில் ஏதோ புரள்கிறது. இந்த இடத்தில்தான் எடை என்பது வருகிறது. விரிசல் ரோட்டிலிருந்து கட்டடத்துக்கு ஓடி, தேவாலயத்தின் முகப்பே பிய்ந்து தனியாக நகரும்போது, சோபாவின் கால் வழியே தரை வேறு பக்கம் போவது போல இருக்கிறது. இயந்திரம் முழுசாக எழுந்து நின்றதும் வரும் ஊதல், பெரிய கப்பலின் ஹாரனைப் போல நெஞ்சைப் பிடித்து நிறுத்தும்.

பல நிமிடங்கள் நீளும் காட்சி அது. பேஸ் ஓரிடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இடி, புரளல், பிளவு, காலடி, ஊதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். ஆஸ்காரில் ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை இரண்டுக்கும் பரிந்துரைக்கப்பட்டு இரண்டிலும் வெல்லாமல் போனது. என்னைக் கேட்டால், ஆழமான பேஸுக்கென்று ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒன்பதரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், படத்தின் பிற்பாதியில் அந்த அளவுக்கு வேலை இல்லை.

யு-571 வேறு ரகம். 2000இல் வந்து ஒலித்தொகுப்புக்கு ஆஸ்கார் வாங்கிய நீர்மூழ்கிக் கப்பல் படம். ஆழ்கடல் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் காட்சியைப் பழைய ஹோம் தியேட்டர்காரர்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடி பலமானது. எனக்கு அது எடையைவிடத் தாளத்துக்கே நெருக்கமாகப் படுகிறது. நெஞ்சில் குத்துகிறது, காலுக்கு அவ்வளவாக இறங்கவில்லை. ஆனாலும் வெடிக்கும் வெடிக்கும் நடுவே இரும்பு முறுகும் சத்தத்தைக் கேட்டபடி அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளை நான் எந்தப் படத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏழரை.

பிளேட் ரன்னர் 2049 (2017), இன்டர்ஸ்டெல்லர் (2014) இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டிலும் பேஸின் பெரும்பகுதி இசையிலிருந்து வருகிறது. இன்டர்ஸ்டெல்லரில் லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் பைப் ஆர்கன் வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆர்கன் என்ற வாத்தியமே ஆழத்துக்குப் பிறந்தது. 32 அடிக் குழாயின் கீழ்ச்சுரம் 16 ஹெர்ட்ஸ். அது காற்று நிரம்பிய பேஸ், மெதுவாக ஏறி மெதுவாக வடியும். ராக்கெட் கிளம்பும் இடத்தில் இசையும் எஞ்சினும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சில இடங்களில் வசனமும் அதற்குள் மூழ்கிவிடுகிறது. என் மனைவி ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் படம் இது. எட்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை.

பிளேட் ரன்னரில் அந்தக் குழப்பம் இல்லை. சிந்தசைசர் உறுமினாலும் பேச்சு தெளிவாக மேலே நிற்கிறது. பறக்கும் கார் மழையில் இறங்கும்போதும், கடைசியில் கடல்சுவர் ஓரத்தில் அலை வந்து மோதும்போதும், இசை எங்கே முடிகிறது, பொருளின் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணிநேரப் படத்தில் சப் ஓய்வெடுப்பதே குறைவு. பார்த்து முடித்ததும் உடம்பு லேசாகக் களைத்திருக்கும். ஒன்பது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஃபைண்டிங் நீமோ (2003). மீன்தொட்டிக் கண்ணாடியை டார்லா விரலால் தட்டும் இடம் ஒன்று போதும். ஒரு சின்னப் பெண்ணின் விரல், மீனின் பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக் கலந்திருக்கிறார்கள். எடை என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

சரி, நம் படங்கள்? இங்கேதான் எனக்கு ஆசையும் ஆதங்கமும் அதிகம். தமிழ்ப் படத்தில் பேஸ் என்றால் பெரும்பாலும் மேளம்தான். நாயகன் நடந்து வந்தால் அடி, திரும்பிப் பார்த்தால் அடி. தியேட்டரில் அது கொண்டாட்டம், நானும் விசில் அடிப்பவன்தான். வீட்டில் நல்ல சப்பில் போட்டால் ஒரே உயரத்தில் வரும் அடிகள் பத்து நிமிடத்தில் தட்டையாகிவிடுகின்றன, கீழே இன்னும் இரண்டு மாடி காலியாகவே கிடக்கிறது.

கைதி (2019) அந்தப் பழக்கத்திலிருந்து பாதி விலகிய படம். பாட்டே இல்லை, ஒரே ராத்திரி, ஒரு லோரி. ராத்திரி முழுக்க அந்த லோரியின் எஞ்சின் பின்னால் இருப்பதால், அது நின்றவுடன் வரும் அமைதிக்கே ஒரு கனம் இருக்கிறது. கடைசியில் சுழல் துப்பாக்கி வெடிக்கும்போது அடி நெஞ்சு நிறைய விழுகிறது. ஆனால் அந்த லோரிக்கு இன்னும் கீழே ஒரு தளம் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. ஏழு.

பொன்னியின் செல்வன் 1 (2022) ஒலி வடிவமைப்புக்குத் தேசிய விருது பெற்றது. தகுதியான விருது. முரசும் போர்க்களமும் ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசியில் புயலில் கப்பல் தத்தளிக்கும் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். அலை எழும்பும்போது ஒன்று, பலகையில் மோதும்போது வேறொன்று, மரம் முறியும்போது மூன்றாவது. நம் மொழிப் படத்தில் தண்ணீரின் எடையை நான் உணர்ந்த இடம் அது. எட்டு.

இந்த இரண்டுக்கும் ஒரு சின்ன அநியாயம் நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் படங்களை டிஸ்க்கில் கேட்டேன், இவற்றை ஸ்ட்ரீமிங்கில். டிஸ்க்கில் ஒலி எதையும் இழக்காமல் வருகிறது. ஸ்ட்ரீமிங்கில் சுருக்கப்பட்டு வருகிறது. நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் என்ற சுற்றொலிக்கு உச்சம் நொடிக்கு 768 கிலோபிட். பேஸ் மட்டும் என்றால் அந்த அளவே போதுமானது என்றாலும், ஒட்டுமொத்த ஒலியளவு குறைவாக வருவதை என் அறையில் பலமுறை கவனித்திருக்கிறேன். ஒப்பிடும்போது வசனத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பேஸைக் கேட்க வேண்டும். இந்தியாவிலிருந்து ப்ளூரே வரவழைக்க நினைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மலேசியா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். உறையில் எல்லா மண்டலமும் என்று போட்டிருந்தால் கவலை இல்லை. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது.

பழைய சப் வாங்குகிறவர்கள் கூம்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். நுரை விளிம்பாக இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நிற்கும்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. நடுவில் இருப்பது ஒரே செங்கல் சுவர். 25 ஹெர்ட்ஸுக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை. ஒரு தடவை அவர் வீட்டுச் சாமி மேடையில் ஊதுபத்திக் கிண்ணம் நகர்ந்துவிட்டது என்று வந்து சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் மூன்று முதல் ஆறு வரைதான் முழுச் சத்தம். அந்த நேரத்தில் அவர் பேரப்பிள்ளைகளோடு வெளியே போய்விடுவார்.

அந்த மூன்று மணிநேரத்தில் புது சப்பைச் சோதிப்பதாக இருந்தால் நான் போடும் வரிசை இது. நீமோவின் கண்ணாடித் தட்டல் முதலில், ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரின் சத்தத்தை மைனஸ் 20 டெசிபெல்லில் வைத்து. அறையில் எது கிணுகிணுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும், எழுந்து போய் அதை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். அப்புறம் பொன்னியின் செல்வன் கப்பல், அப்புறம் முக்காலி இயந்திரம். எட்ஜ் ஆஃப் டுமாரோவின் ஆரம்பம் கடைசியாகத்தான். அதைப் போடும்போது சப்பின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கூம்பைப் பார்த்துக்கொண்டே சத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள்.